மாமியாரோடு ஐந்து கிலோமீட்டர்

ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவிலிருந்து ஒரு பெண் விடியற்காலை நாலரை மணிக்குத் தனியாக இறங்க வேண்டுமானால் ஒரே ஒரு காரணம்தான் செல்லும். கோயில். எனக்கோ ஓட வேண்டியிருந்தது. கொச்சியில் நடக்கும் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருந்தேன். முப்பத்தெட்டு வயது மருமகள் கால்சட்டையோடு ஓடுகிறாள் என்ற பேச்சுக்குப் பயந்து, ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தொரு நாள், விடியற்காலை நடை திறந்ததும் கிடைக்கும் நிர்மால்ய தரிசனத்துக்கு வருவதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன் என்று மாமியாரிடம் சொல்லிவைத்தேன்.

கால்சட்டைக்கு மேல் முண்டு சுற்றிக்கொண்டு இறங்குவேன். கோயிலை ஒட்டிய கோட்டை வாசலில் பூக்காரியிடம் அதை மடித்துக் கொடுத்துவிட்டு ஈஞ்சக்கல் வழியாகச் சங்குமுகம் கடற்கரை வரை ஓடித் திரும்புவேன். கோயிலுக்குள் போனது முதல் நாள் மட்டும்தான். மற்ற நாளெல்லாம் பூக்காரியிடம் ஒரு முழம் துளசி வாங்கிக்கொண்டு வீடு வருவேன். என் வியர்வையைப் பார்த்துவிட்டு, உள்ளே நல்ல கூட்டமோ என்று மாமியார் விசாரிப்பார்.

என்ன வேண்டுதல் என்று மட்டும் அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எதையாவது சொல்லித் தப்பித்திருப்பேன். கல்யாணமாகிப் பதினொரு வருடம். குழந்தைக்காகத்தான் என்று அவரே முடிவு கட்டிக்கொண்டார். நானும் கணவரும் ஆஸ்பத்திரிப் படியேறி ஓய்ந்து, அந்தப் பேச்சையே மூடி இரண்டு வருடம் ஆகியிருந்தது. நான் ஓட ஆரம்பித்ததே அதற்குப் பிறகுதான். கணவருக்கு எல்லாம் தெரியும். அம்மா சந்தோஷமாக இருக்கிறாள், இருந்துவிட்டுப் போகட்டுமே என்பார். சொல்வது சுலபம்.

மாதவிலக்கு நாட்களில் கோயில் கிடையாது, அதனால் ஓட்டமும் கிடையாது. படுக்கையில் கிடந்து பயிற்சி அட்டவணையை நினைத்துப் பொருமுவேன். நான் விலக்கு என்று தெரிந்ததும் மாமியாரின் முகம் விழுந்துவிடும். ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியாவது இருக்கலாம். ஆப்பசைத்த குரங்கின் கதையாக, நானே அசைத்த ஆப்பில் நானே மாட்டிக்கொண்டிருந்தேன்.

இந்த நிலையில், புற்றுநோய் வார்டுக் குழந்தைகளுக்காக என் அலுவலகத்தில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றை ஏற்பாடு செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, கவடியாரில் தொடக்கம். அன்று என் அட்டவணையில் இருபத்தெட்டு கிலோமீட்டர் இருந்தது. கொச்சிக்கு முன்னால் ஓட வேண்டிய மிக நீண்ட தூரம் அதுதான். அதை விட்டால் நாற்பத்திரண்டை மறந்துவிட வேண்டியதுதான். இருபத்துமூன்றை முன்னதாகவே முடித்துவிட்டு மீதி ஐந்தைக் கூட்டத்தோடு ஓடலாம் என்று திட்டம் போட்டேன். தர்ம காரியம்தானே என்று, இதை மட்டும் வீட்டில் வெளிப்படையாகச் சொன்னேன்.

"குழந்தைகளுக்கான காரியமாக்கும். நானும் வரேன்" என்றார் மாமியார்.

நடப்பவர்களும் கலந்துகொள்ளலாம் என்று கணவர் வேறு எடுத்துக் கொடுத்தார். அவரை அங்கேயே கடித்துக் குதறியிருப்பேன். அந்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை கோயில் பெயரைச் சொல்லி எட்டு கிலோமீட்டர்தான் ஓட முடிந்தது. அதற்குள் மாமியாரோடு காரில் கிளம்ப வேண்டியதாகிவிட்டது.

மாமியார் புடவையில் எண் அட்டையைக் குத்திக்கொண்டு, என் முழங்கையைப் பிடித்தபடி நடந்தார். கூட வேலை செய்கிறவர்கள் எங்களைத் தாண்டி ஓடினார்கள். "எந்தா சேச்சி, இன்னு ஓட்டமில்லே?" என்று ஒருத்தி, இன்றைக்கு நான் ஓடாததைக் கிண்டல் செய்துவிட்டுப் போனாள். என் கால்கள் துடித்தன. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. வெள்ளையம்பலம் தாண்டியதும் மாமியாருக்கு மூச்சு வாங்கியது. நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். ஏதாவது சாப்பிட்டீர்களா இல்லையா என்று கொஞ்சம் எரிச்சலோடுதான் கேட்டேன்.

"நேத்து மத்தியானம் சாப்பிட்டேன். நீ மண்டலம் எடுத்துண்டே இல்லியா, நானும் எடுத்துண்டேன், கேட்டயோ. ஒரு நேரம்தான் சாப்பாடு. உன் கணக்கு நின்னா என் கணக்கும் நிக்கும்."

இத்தனை நாளும் ராத்திரியில் அவர் தனக்குத் தட்டு வைக்காததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வயசானவர், பசி இல்லை போலிருக்கிறது என்று என் பாட்டுக்கு விட்டுவிட்டேன். வெட்கமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் விரல் மடக்கி எண்ணி, இன்னும் நாலு நாள்தானே பாக்கி என்றார்.

நாலு நாளில் அவர் பட்டினி முடியும். அதோடு என் விடியற்காலையும் முடியும். கொச்சி ஓட்டத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

"இன்னொரு மண்டலம் எடுத்துக்கலாம்னு இருக்கேம்மா" என்றேன்.

அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"எடுத்துக்கோ. நானும் எடுத்துக்கறேன்."