எனக்கு முன்னால் நடந்த டிரைவர்

தோள்பட்டை இறுகிப்போய், தலையை வாரிக்கொள்ளவே நான் திணறிக்கொண்டிருந்த நேரம். பிசியோதெரபி செய்யும் பெண்தான் சீகோங் வகுப்பைப் பற்றிச் சொன்னாள். மூச்சோடு சேர்த்துக் கைகால்களை மெதுவாக அசைக்கும் சீனப் பயிற்சி. கோவளத்துக்குப் பக்கத்தில், புத்த சமயம் தழுவிய சில குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் சின்ன விகாரையில் ஞாயிறு காலைதோறும் நடக்கிறது. யார் வேண்டுமானாலும் போகலாம். சொல்லிக்கொடுப்பவர் சிங்கப்பூரில் நர்ஸாக இருந்து திரும்பிய ஓர் அம்மா.

கைகளை உயர்த்துவது, இறக்குவது, மரத்தைக் கட்டிக்கொண்டதுபோல் நிற்பது எல்லாம் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. தொல்லை அதற்குப் பிறகு வரும் நடைத் தியானத்தில். பதினைந்து பேர் ஒருவர் பின்னால் ஒருவராக வட்டமாய் நடக்க வேண்டும். முதல் நாளே எனக்கு முன்னால் வந்து நின்றவரின் பிடரியைப் பார்த்ததும் ஆளைத் தெரிந்துவிட்டது. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒன்பது வருஷம் பார்த்த பிடரி.

நான் கல்பாக்கத்தில் வேலை பார்த்த நாட்களில் எங்களை ஏற்றிப்போன பஸ்ஸை ஓட்டியவர். அரை நிமிஷம் தாமதித்தாலும் நிற்க மாட்டார். என் பதவி உயர்வு நேர்காணல் அன்று நல்ல மழை. மாமல்லபுரம் நிறுத்தத்துக்குப் பத்தடி தூரத்தில் கையை ஆட்டிக்கொண்டே ஓடினேன். கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் கியரைப் போட்டார். வேறு பஸ் பிடித்து, நனைந்த புடவையோடு போய் உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் மூச்சிரைக்க உளறிக் கோட்டை விட்டேன்.

அந்த மனுஷர் இப்போது ஓர் அடி எடுத்து வைக்க ஒரு யுகம் ஆக்கினார். குதிகாலைத் தூக்குவார். யோசிப்பார். விரல்களைத் தூக்குவார். மறுபடி யோசிப்பார். வட்டத்தில் யாரையும் முந்தக் கூடாது. அவருக்கு முன்னால் ஒரு லாரியே போகும் அளவுக்கு இடம் கிடந்தது. நான்கு ஞாயிறு பல்லைக் கடித்துக்கொண்டேன். டீச்சரிடம் சொன்னதற்கு, "உங்க மூச்சை மட்டும் கவனிங்கம்மா" என்றார். கவனித்தேன். புஸ்புஸ்ஸென்று வந்துகொண்டிருந்தது.

ஐந்தாவது ஞாயிறு நடையின் நடுவிலேயே, "கொஞ்சம் வேகமா நடங்கண்ணே" என்றேன்.

அவர் திரும்பாமலே, "இன்னாம்மா அவசரம்? மெதுவா நடக்கத்தானே வந்துகீறோம்" என்றார்.

"இந்த நிதானம் அன்னைக்கு எங்க போச்சு? மழையில கையாட்டிட்டே ஓடி வந்தேன். கண்ணாடியில பாத்துட்டுத்தானே வண்டிய எடுத்தீங்க?"

வட்டம் நின்றது. அவர் திரும்பி என் முகத்தை உற்றுப் பார்த்தார். நேர்காணல் உட்பட எல்லாவற்றையும் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"எனுக்கு நெனப்பில்லம்மா. அப்டி எத்தினி பேர வுட்டுட்டுப் போனனோ. லேட்டானா மொத்த வண்டியும் கத்தும், அந்தப் பேஜாருதான் மண்டைல ஓடிக்கினு இருந்துச்சு. ஆனா நீ சொன்னா நடந்துதான் இருக்கும். தப்புதாம்மா."

எனக்கு எரிச்சல் கூடத்தான் செய்தது. சமைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் மனசுக்குள் இவரோடு எத்தனை முறை சண்டை போட்டிருப்பேன். இவருக்கோ நினைவே இல்லை. மறுத்திருந்தாலாவது நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். சட்டென்று ஒத்துக்கொண்டு என் வாயை அடைத்துவிட்டார்.

"முன்னால போறியாம்மா?" என்று ஒதுங்கி வழி விட்டார். டீச்சரும் தடுக்கவில்லை. விறுவிறுவென்று போனேன். ஐந்தாறு எட்டிலேயே அடுத்திருந்த பெண்மணியின் முதுகில் முட்டாத குறையாக நிற்க வேண்டியதாயிற்று. அவரும் அதே ஆமை நடைதான்.

இனி அங்கே போவதில்லை என்றுதான் வீட்டில் சொன்னேன். அடுத்த வாரமும் போனேன். டிரைவர் தலையசைத்து, எனக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். இப்போதெல்லாம் அவர் எங்கே வருகிறார் என்று திரும்பிப் பார்க்காமல் நடப்பதுதான் எனக்குப் பெரும்பாடாக இருக்கிறது.