பாடி எர்த்

திருத்தணியில் அரக்கோணம் சாலையில் பைக் நின்றுபோனால் நஜீர் அகமதுவின் கடைக்குத்தான் தள்ளிக்கொண்டு வருவார்கள். இன்ஜினைத் தொடமாட்டார், அது பக்கத்துக் கடைக்காரர் பாடு. ஒயரிங் மட்டும்தான் இவருடையது. விளக்கு மங்கினாலும் சரி, ஹாரன் இருமினாலும் சரி, முதலில் பாடி எர்த்தைப் பார்ப்பார். பேட்டரியின் ஒரு முனை வண்டியின் உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும். அந்த இணைப்பு தளர்ந்தால் வண்டிக்குப் பாதி வியாதி அங்கேதான். திருகி இறுக்கிவிட்டால் எழுந்துகொள்ளும். முப்பது வருஷமாக அவர் கைக்கு இதுவே பழக்கம்.

அந்தக் கையில் குட்டி ரயில் வந்து சேர்ந்தது பரசுராமனால். சரக்கு ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓட்டியது போதாதென்று மாடியறை முழுக்கப் பலகை அடித்து, தண்டவாளம் பரப்பி, கைக்கு அடக்கமான இன்ஜின்கள் எட்டு வைத்திருந்தார். எல்லாம் பழையவை. குமிழைத் திருப்பினால் தண்டவாளத்தில் கரண்ட் பாயும். மேலே நிற்கிற அத்தனையும் ஒன்றாகக் கிளம்பிவிடும். ஒன்று நின்று மற்றொன்றுக்கு வழிவிட வேண்டும் என்பது அவர் ஆசை. பாதி ஆயுளைச் சிக்னலுக்குக் காத்திருந்தே கழித்த மனிதருக்கு வேறென்ன ஆசை வரும்! அதற்கு ஒவ்வொரு இன்ஜினுக்குள்ளும் ஒரு சிப் வைத்து, ஆளுக்கொரு எண் கொடுத்து, டிஜிட்டலுக்கு மாற்ற வேண்டும். பெங்களூரில் பானுப்ரியா என்ற பெண் வீட்டில் உட்கார்ந்து தன் கையாலேயே அந்தச் சிப்புகளைச் செய்து அனுப்பினாள்.

பிளாஸ்டிக் உடம்புள்ள ஏழு இன்ஜின்களை நஜீர் ஞாயிற்றுக்கிழமைகளில் மாற்றிக் கொடுத்தார். கூலி பேசவில்லை. அந்த அறைக்குள் போனால் பொழுது போவதே தெரியாது. "வூட்ல வராத சிரிப்பு அந்த மாடில மட்டும் வருது," என்று மனைவி தில்ஷாத் குத்திக்காட்டுவாள்.

எட்டாவது, கறுப்பு நீராவி இன்ஜின். முழுக்க உலோகம். கூவல் எழுப்பும் சிப்பை அதற்கென்றே சொல்லி வரவழைத்திருந்தார் பரசுராமன். மோட்டாரின் ஒரு முனையிலிருந்து சின்னத் தகடொன்று உடம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. கொஞ்சம் தளர்ந்திருந்தது. நஜீரின் கை அவரைக் கேட்கவில்லை. திருகாணியை நன்றாக இறுக்கியது. தண்டவாளத்தில் வைத்தார்கள். கூவல் வரவில்லை, கருகல் வாசனை வந்தது.

அந்த நிமிஷமே அவருக்குப் புரிந்துவிட்டது. இதில் மோட்டாரின் இரண்டு முனைகளும் சிப்பை மட்டுமே தொட வேண்டும். தண்டவாளத்துக் கரண்ட் ஏறுகிற உலோக உடம்பைத் தொட்டால் சிப் போயிற்று. இதற்கு முந்தைய ஏழு இன்ஜின்களையும் காப்பாற்றியது பிளாஸ்டிக், அவருடைய கெட்டிக்காரத்தனம் இல்லை.

"சிப்பே செத்துப்போய் வந்துகீது பாய். நீ இன்னா பண்ணுவ?" என்றார் பரசுராமன்.

"ஆங்," என்றார் நஜீர். கேட்காமலே கிடைத்த சாக்கு. வாங்கிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு பரசுராமன் போனை நீட்டினார். "திட்டி எழுதனேன். பதில் வந்துகீது பாரு."

பானுப்ரியா எழுதியிருந்தாள்: 'மன்னிக்கவும் சார். வேறொன்று இலவசமாக அனுப்புகிறேன். சோதித்துத்தான் அனுப்பினேன், எங்கே தவறினேன் என்று தெரியவில்லை. அதோடு சேர்த்துச் செய்த இருபதையும் அனுப்பாமல் நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கிறேன்.'

நஜீருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தான் இறுக்கிய ஒரு திருகாணிக்காக எங்கோ ஒருத்தி தன் கையையே சந்தேகப்பட்டுக்கொண்டு இருபது சிப்பைப் பிரித்துக்கொண்டிருக்கிறாள். கைவேலைக்காரருக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. சொன்னால் இந்த மாடிப்படி இனி தனக்கில்லை என்பதும் தெரிந்தது.

"நம்பர் போடுங்க சார். நான் பேசறேன்."

மறுமுனையில் குரல் வந்ததும் சொன்னார். "அம்மா, திருத்தணிலருந்து நஜீர் பேசறேங்க. சிப்பு நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் பைக்குனு நெனச்சிகினு பாடிக்கு எர்த் குடுத்துட்டேன். அந்த இருபதையும் பிரிக்காதீங்க."

"தேங்க்ஸ் சார்," என்றாள். அழுகிற குரல் மாதிரி இருந்தது.

பரசுராமன் போனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டார். "அப்ப அன்னிக்கு 'ஆங்'னு சொன்னியே?" என்று மட்டும் கேட்டார். நஜீர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

இரண்டு ஞாயிறுகள் பரசுராமன் கூப்பிடவில்லை. ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் நின்றுபோன வண்டிகள் கடை வாசலில் வரிசை கட்டின. நஜீர் எர்த்தை இறுக்கிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவையும் அந்தக் கறுப்பு இன்ஜின் ஞாபகம் வந்தது.

கூட்டம் வடிந்த பிறகு ஒரு காலை பரசுராமனே வந்தார். புதுச் சிப்பையும் இன்ஜினையும் மேஜைமேல் வைத்தார். இந்தத் தடவை விலை கொடுத்தே வாங்கியிருந்தார்.

"என்மேல இன்னும் நம்பிக்கை கீதா சார்?"

"கோவம் இன்னும் கீது பாய். ஆனா இதுல எங்க தப்பு நடக்கும்னு தெரிஞ்ச ஆளு இந்த ஊர்ல நீ ஒருத்தன்தான்."

நஜீர் தகட்டைக் கழற்றினார். மோட்டாருக்கும் உடம்புக்கும் நடுவே தடித்த காகிதம் செருகினார். மீட்டரின் ஒரு ஒயர் முனையை மோட்டாரில் வைத்து, மறுமுனையால் உடம்பைத் தொட்டார். இரண்டும் ஒட்டியிருந்தால் மீட்டர் கத்தும். கத்தவில்லை. பரசுராமன் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தார்.