ஆயிரத்தொன்பதாவது கொழுக்கட்டை

தம்பிக்குக் காய்ச்சல் விட்டால் பிள்ளையாருக்கு ஆயிரத்தெட்டுக் கொழுக்கட்டை படைப்பதாக அம்மா வேண்டியிருந்தாள். காய்ச்சல் விட்டது. திரும்பி வந்துவிடுமோ என்ற கவலை மட்டும் என்னை விடவில்லை.

ராயக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நான் அப்போது ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். ஓசூர்ப் பக்கம் கன்னடம் பேசும் ஊரில் கட்டிக்கொடுத்திருந்த அத்தை முதல் நாளே வந்திருந்தாள். கல்யாணமாகி எட்டு வருஷம். ஊர்ப் பெண்கள் அவளைக் கண்டதும் கேட்பது ஒரே கேள்விதான். அத்தை சிரித்துக்கொண்டே தன் வீட்டு மாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவாள்.

வேண்டிக்கொண்டவளே பிடிக்க வேண்டும் என்று அம்மா அத்தையை அடுப்போடு நிறுத்தினாள். கட்டைவிரல் அளவுக் கொழுக்கட்டைகள், ஒவ்வொன்றிலும் அம்மாவின் மூன்று விரல் தடம். எல்லாம் வெந்ததும், "பள்ளிக்கூடத்துக்காரி, நீயே எண்ணுடி. ஒண்ணு குறையவும் கூடாது, மிஞ்சவும் கூடாது" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள்.

வாழை இலைகளில் பன்னிரண்டு பன்னிரண்டாக அடுக்கினேன். எண்பத்து நாலு வரிசை. ஒன்று மிச்சம். மறுபடி எண்ணினேன். அதே மிச்சம்.

வரிசையை மாற்றினால் அந்த ஒன்று எங்காவது அடங்கிவிடும் என்று நினைத்துச் சிலேட்டை எடுத்தேன். ஏழால் வகுத்தேன், ஒன்று மிஞ்சியது. எட்டால், ஒன்பதால், பதினாறால், அப்போதும் ஒன்று. பதினொன்றால் வகுத்தபோது எட்டு மிஞ்சவே பயந்து அழித்துவிட்டேன். எதற்கும் அடங்காத எண் ஒன்று இருக்கும் என்று வாத்தியார் எனக்குச் சொன்னதில்லை. அடுப்போரம் படுத்திருந்த தம்பியைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. அடுப்புச் சூடு என்று தோன்றவில்லை.

மிஞ்சிய கொழுக்கட்டையைக் கையில் எடுத்தேன். அதில் ஆள்காட்டி விரல் தடம் மட்டும் கோணலாக இருந்தது. அதை வாயில் போட்டு விழுங்கிவிட்டேன்.

சாமிக்குப் படைக்கும் முன்னே தின்றது, ஒன்று மிஞ்சுவதைவிடப் பெரிய குற்றம் என்பது தொண்டையைத் தாண்டிய பிறகுதான் உறைத்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"யாக்கே?" என்று, ஏன் என்பதைப் பழக்கத்தில் கன்னடத்தில் கேட்டுக்கொண்டே அத்தை வந்தாள். இலைகளைப் பார்த்தாள். என் வாயைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் என் உதட்டு மாவைத் துடைத்தாள்.

"கணக்கு சரியாப் போயிடுச்சா கண்ணு?"

"சரியாப் போயிடுச்சு அத்தை."

"அப்பறம் என்னாத்துக்கு அழுவாச்சி? மூஞ்சக் கழுவு, போ."

தம்பிக்குக் காய்ச்சல் வரவில்லை. ஒரு மாதம் ராத்திரியெல்லாம் நான்தான் அவனைத் தொட்டுத் தொட்டு எழுப்பிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருஷம் படிப்பை நிறுத்தி, அத்தைக்குத் துணையாக என்னை அனுப்பிவிட்டார்கள். கல்யாணம் வரைக்கும் அங்கேதான் வளர்ந்தேன். அவளுக்குக் குழந்தை பிறக்கவில்லை.

ஆயிரத்தெட்டை முப்பது எண்கள் மீதியில்லாமல் வகுக்குமாம். ஆயிரத்தொன்பதை ஒன்றும் அந்த எண்ணும் தவிர வேறெதுவும் வகுக்காதாம். என் பேத்தி சொன்னாள். அன்றைக்கு அத்தனை எண்களால் வகுத்துப் பார்த்த எனக்கு, அத்தையின் ஆள்காட்டி விரல் கோணல் என்பது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள், எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்த அத்தையிடம் ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். "அந்தக் கொழுக்கட்டையைத் தின்னது நான்தான் அத்தை."

அவள் பின்னுவதை நிறுத்தவில்லை.

"தெரியும்டி. நான் வேண்டிப் பிடிச்சது அது. அதனாலதான எங்கிட்ட வந்தே."