எச்சில் தெறிக்காத சுவர்

அந்தச் சுவரை வரைந்தவன் நான்தான். நினைத்தால் இன்றும் ‘த்தூ’ என்றுதான் வருகிறது.

எண்பதுகளின் கடைசி. இராஜபாளையத்தில் ஓர் இன்ஜினியர் ஆபீசில் டிராப்ட்ஸ்மேனாக இருந்தேன். என் மனைவிக்கு ஒரு நூல் மில்லில் வேலை. அந்த மில் முதலாளி வெளிநாடு போய்விட்டு வந்து, பழைய ரோமாபுரி நாடக அரங்கின் படமொன்றை மேசைமேல் போட்டார். தன் பள்ளிக்கூடத்தில் அதே மாதிரி வேண்டுமாம்.

நானும் நூலகத்தில் தேடிப் படித்தேன். அரைவட்டமாக ஏறிப்போகும் கல்படிகள், மேடைக்குப் பின்னால் தூண்கள் வைத்த உயரமான சுவர், படிகளுக்கு அடியில் வளைவு வழிகள். எங்கே உட்கார்ந்தாலும் மேடை தெரியும், பேச்சு கேட்கும். சொக்கிப்போனேன். அந்த மயக்கத்தில், அங்கேயும் பெரிய மனிதர்களுக்குக் கீழ்ப்படிகள், மற்றவர்களுக்கு மேல்படிகள், நடுவில் ஒரு குட்டைச் சுவர் என்று முதலாளியிடம் உளறித் தொலைத்தேன்.

அவருக்கு வாயெல்லாம் பல். “அவனும் நம்மள மாதிரிதானா! அந்தச் சுவத்தை இன்னும் ஒசத்துய்யா. மேல இருக்கிறவனுக வெத்தலைய மென்னு துப்புனா நம்ம மேலதான தெறிக்கும்!”

உயர்த்தினால் சுவரை ஒட்டிய மேல்படியில் இருப்பவர்களுக்கு மேடைத்தளம் மறைந்துவிடும். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுப் பார்த்தவன் நான், எனக்குத் தெரியாதா? “சரிங்கய்யா” என்றேன். கருமம் பிடித்த வாய்.

அந்தப் பள்ளியில்தான் எங்கள் மகள் படித்தாள். ஆண்டுவிழாவில் பரதம் ஆடினாள். அவளைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டுமென்று, மனைவி ஷிப்ட் முடிந்த கையோடு ஓடிப்போய், மேலே தொழிலாளர் படியில் சுவரை ஒட்டிய முதல் வரிசையைப் பிடித்திருந்தாள். எனக்கோ கீழே, பெரிய மனிதர்களோடு நாற்காலி, தோளில் பொன்னாடை. பக்கத்தில் முதலாளி வெற்றிலையைக் குதப்பி, புதுக் கல்தரையில் புளிச்சென்று துப்பினார். என் செருப்பில் தெறித்தது. நான் இளித்துவைத்தேன். சீ, அதுவும் ஒரு பிழைப்பு!

எங்கள் வீடிருந்த ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பும் பஸ்ஸில் மகள் கேட்டாள்: “தாளத்துக்குக் கால் சரியா விழுந்துச்சாம்மா?”

“அம்புட்டும் சரியா விழுந்துச்சுட்டி” என்றாள் மனைவி.

மகள் ஜன்னலில் சாய்ந்து தூங்கிப்போனாள். மனைவி என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள்.

“எனக்குத் தலையும் கையுந்தான் தெரிஞ்சுச்சு. நீங்க பாத்தீகள்லா, புள்ள காலு எப்படி ஆடுச்சுன்னு செத்த சொல்லுங்க.”