கோலத்தில் ஒரு ஹீட்டர்

அந்த வருடக் குடியரசு நாளுக்கு நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் பிளாக்கில் கோலப் போட்டி வைத்தார்கள். தலைப்பு 'நம் ராணுவம்'. வீட்டுக்கு வீடு கொடி, டாங்கி, மறுபடியும் கொடி. பேப்பர் வந்ததும் கார்ட்டூனைத்தான் முதலில் பார்ப்பவள் நான். எனக்கு அதெல்லாம் சப்பென்று இருந்தது.

என் கணவர் ராணுவத்திலிருந்து வந்து சுரங்க வாசலில் செக்யூரிட்டியாக இருந்தார். மலையில் நடந்த சண்டையில் இடது காலில் மூன்று விரல்களைப் பறிகொடுத்தவர். குண்டு எதுவும் படவில்லை. பனிக்கான பூட்ஸ் வந்து சேரவில்லை, கேன்வாஸ் ஷூவோடு நின்றார்கள், குளிரில் விரல்கள் செத்துப்போயின, அவ்வளவுதான். பூட்ஸ் வந்தபோது இவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதைப் பற்றி யாரிடமும் பேச மாட்டார். நெய்வேலி வெயிலிலும் வெளியே சாக்ஸைக் கழற்ற மாட்டார்.

அவர் நைட் ஷிப்ட் முடிந்து வருவதற்குள் போட்டு முடித்தேன். வெள்ளை மாவில் பனிமலை. முழங்கால்வரை பனியில் சிப்பாய்கள், பக்கத்தில் பிய்ந்து கிடக்கும் கேன்வாஸ் ஷூக்கள். அடிவாரக் கூடாரத்தில் ஹீட்டரை ஒட்டி உட்கார்ந்து, கம்பளிக் கோட்டு போட்ட தொப்பை அதிகாரி போனில் சொல்கிறார்: "இங்கே குளிரே இல்லையே!"

கூட்டம் சேர்ந்துவிட்டது. சிலர் சிரித்தார்கள். போட்டி நடத்திய செயலாளருக்கு முகம் கறுத்துவிட்டது.

"என்னம்மா, ராணுவத்தையே கிண்டல் பண்ணிக்கினு இருக்கீங்க? நடுவருங்க வர்றதுக்குள்ள அழிச்சிடுங்க."

"சிப்பாயை எங்கங்க கிண்டல் பண்ணியிருக்கேன்? நல்லாப் பாருங்க."

வாய்தான் அப்படிப் பேசியது. என் கணவர் இத்தனை வருடம் மூடி வைத்திருந்ததை, அவரைக் கேட்காமலே தெருவில் போட்டுவிட்டேனே.

அந்த நேரம் பார்த்து அவர் யூனிபார்மோடு சைக்கிளில் வந்து இறங்கினார். செயலாளர் முந்திக்கொண்டார். "நீங்களே சொல்லுங்க சார், இது நல்லாவா இருக்கு?"

அவர் கோலத்தைச் சுற்றி வந்து பார்த்தார்.

"நல்லா இல்லீங்க," என்றார். "ஹீட்டர் ரொம்பச் சின்னதா இருக்கு."

சிவப்புப் பொடிக் கிண்ணத்தை என்னிடமிருந்து வாங்கினார். கோலத்துக்குள் ஷூவோடு போகக் கூடாது. கழற்றினார். கொஞ்சம் தயங்கி, சாக்ஸையும் கழற்றினார். இரண்டே விரல் உள்ள அந்தப் பாதத்தைத் தெருவே பார்த்தது. கோடுகளை மிதிக்காமல் உள்ளே போய்க் குந்தி, ஹீட்டரை அதிகாரியின் தொப்பை அளவுக்குப் பெரிதாக்கினார்.

செயலாளர் அழிக்கச் சொல்வதை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக் கோலத்தைப் பார்க்கப் போய்விட்டார். பரிசு எதிர்வீட்டு டாங்கிக்குப் போனது. போகட்டும். அன்று சாயங்காலம் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு என்னோடு பால் வாங்க வந்தார். அந்த டவுன்ஷிப்பில் அன்று என்னைவிடத் தலை நிமிர்ந்து நடந்தவள் ஒருத்தியும் இல்லை.