மலர்விழியின் அம்மா மேடை ஏறிய படம்

போன வாரம் காந்தி ரோட்டில் ஒரு கடைக்கு மெமரி கார்டு வாங்கப் போயிருந்தேன். கல்லாவில் இருந்த பெண் நகத்தளவு கார்டுகள் நாலைந்தை எடுத்துக் கண்ணாடிமேல் வரிசையாக வைத்தாள்.

"எப்பிடிக்கா வோணும்? பெருசா ஒண்ணு குடுக்கட்டா, சின்னதா ரெண்டு குடுக்கட்டா?"

சாதாரணக் கேள்விதான். கார்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் ஒரு கார்டின் உறையைக் கிழித்துக் காட்டினாள். புதுப் பிளாஸ்டிக்கின் வாசனை மூக்கில் ஏறியது. பின்னால் நின்றவர் செருமினார். "அப்புறம் வரேன்மா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து கரும்புச்சாறு வண்டி ஓரமாக நின்றுகொண்டேன். ஒரு மெமரி கார்டைப் பார்த்துப் பயப்படுகிற போட்டோகிராபரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள்.

அந்த வாசனை ஃபிலிம் ரோல் டப்பாவைத் திறந்தால் வரும் வாசனைக்கு ஒன்றுவிட்ட தங்கை. பன்னிரண்டாவது முடித்ததும் நாகராஜ் அண்ணனின் ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தேன். காலி டப்பாக்களை வீட்டுக்கு எடுத்துப் போவேன். அம்மா ஒன்றில் பெருங்காயம், ஒன்றில் கடுகு என்று போட்டு வைப்பாள். அதனால் எங்கள் வீட்டு ரசத்தில் லேசாக ஸ்டூடியோ வாசனை அடிக்கும் என்று அப்பா புலம்புவார். ஃபிலிமில் ஒரு நிம்மதி உண்டு. முப்பத்தாறு படம் முடிந்ததும் கேமரா 'விர்ர்' என்று தானே சுற்றிக்கொள்ளும். எடுத்தது கையில் கனமாக, உருளையாக இருக்கும்.

பிறகு டிஜிட்டல் கேமரா வந்தது. அண்ணன் அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினார். அதோடு ஒரு சின்ன கார்டு; நூற்றைம்பது படம் கொள்ளும். "இதே மாதிரி இன்னும் ரெண்டு வாங்கிக்கோமா. பெருசா ஆசப்படாத. ஒண்ணு போனாலும் ஒண்ணு இருக்கும்" என்றார்.

கடையில் அந்தச் சின்னக் கார்டுக்குப் பக்கத்திலேயே இன்னொன்று தொங்கியது. கேள்விப்படாத கம்பெனி. ஆனால் ஆயிரத்துக்கும் மேல் படம் கொள்ளும் என்று அட்டையில் போட்டிருந்தது. கல்யாணத்தின் நடுவில் கார்டு மாற்றுவது எனக்குக் கிலி. கை தவறி ஓமகுண்டத்தில் விழுந்துவிடுமோ என்று கனவெல்லாம் வந்திருக்கிறது. பெரிதாக ஒன்றையே வாங்கினேன். அண்ணனிடம் "வாங்கிட்டேண்ணா" என்று மட்டும் சொன்னேன். அது பொய்யில்லை என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

அதைப் போட்டு எடுத்த முதல் கல்யாணம் மலர்விழியுடையது. பள்ளியில் எனக்கு இரண்டு வருஷம் மேலே படித்தவள், அடுத்த தெரு. அவளுக்கு நாலு வயதாகும்போதே அப்பா தவறிவிட்டார். அம்மா தனபாக்கியம் வீட்டிலேயே தறி போட்டு, நெய்து, மகளை வளர்த்தாள். மாப்பிள்ளை வாலாஜாபாத். ஐயம்பேட்டை போகிற வழியில் ஒரு மண்டபம். அண்ணன் அன்றைக்கு வேறொரு முகூர்த்தத்துக்குப் போய்விட்டதால் நான் தனியாகத்தான் போனேன்.

மேடையில் எனக்குக் கிடைத்த இடம் ஒரு தூணுக்கும் வாழை மரத்துக்கும் நடுவில், ஒரு ஆள் ஒருக்களித்து நிற்கிற அளவு. முன்னால் ஓமப் புகை. பின்னால் வீடியோக்காரரின் விளக்கு முதுகைச் சுட்டது. போதாததற்கு, சுற்றி நின்ற அத்தனை பெண்களும் கட்டியிருந்தது பட்டு. ஜரிகை ஃபிளாஷைத் திருப்பி என் கண்ணிலேயே அடிக்கும்.

தாலி கட்டி முடிந்தது. தனபாக்கியம் அம்மா கூடத்தின் கடைசியில், சாப்பாட்டுக்கூடத்துக் கதவருகே நின்றிருந்தாள். மேடைக்கு வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வா என்றும் யாரும் சொல்லவில்லை. கணவனில்லாதவள் எங்கே நிற்க வேண்டும் என்று அவளுக்கே தெரியும் என எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

மலர்விழி மாலையோடு எழுந்து மேடை விளிம்புக்கு வந்தாள்.

"அம்மா, மேல வா."

"நீ போய் ஒக்காருமா. நான் இங்கயே பாத்துக்கினுதான் இருக்கேன்."

"நீ வர்ற வரைக்கும் நான் இங்கயே நின்னுக்கினு இருப்பேன்."

அம்மா அசையவில்லை. மலர்விழி இறங்கி, கூடத்தின் நடுவே நடந்துபோய், அம்மாவின் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். மாப்பிள்ளையின் பெரியப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாப்பிள்ளை மட்டும் நகர்ந்து இடம் விட்டார். தனபாக்கியம் அம்மா படியேறி வந்து நின்றாள். கையை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. முந்தானையைப் பிடித்தாள், விட்டாள், கடைசியில் மகளின் தோளில் வைத்தாள். ஆறேழு படம் எடுத்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நன்றாக வந்திருக்கிறதா என்று பார்க்கப் பொத்தானை அழுத்தினேன்.

கார்டைப் படிக்க முடியவில்லை என்றது திரை. அழித்துப் புதிதாக்கவா என்று கேட்டது.

கேமராவை அணைத்து மறுபடி போட்டேன். கார்டைக் கழற்றி ஊதிப் பொருத்தினேன். அதே கேள்வி. முகூர்த்தம் முழுக்க அதற்குள்தான் இருந்தது.

"போட்டோமா! எங்கள ஒண்ணு எடுத்துவுடுமா, பஸ்ஸுக்குப் போவணும்!"

இரண்டு பக்கப் படியிலும் பரிசுப் பொட்டலங்களோடு வரிசை. இறங்க வழியில்லை. போன் பையில், பை மணப்பெண் அறையில், அறைச் சாவி யாருடைய இடுப்பிலோ. இடுப்புப் பையிலிருந்த பழைய சின்னக் கார்டை மாட்டிக்கொண்டு, "சிரிங்க, கொஞ்சம் கிட்ட வாங்க" என்று ஆரம்பித்தேன். மூன்று மணி நேரம் சிரிக்கச் சொன்னேன். செத்த கார்டு உள்ளங்கை வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. நூற்றைம்பதுக்குள் எல்லாவற்றையும் அடக்க வேண்டும். ஒரு கட்டத்தில், தூரத்து உறவாகத் தெரிந்தவர்களுக்குப் படமே எடுக்காமல் வெறும் ஃபிளாஷை மட்டும் அடித்தேன். அவர்கள் நன்றி சொல்லிவிட்டு இறங்கினார்கள். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

வரிசை குறைந்ததும் தனபாக்கியம் அம்மாவைத் தேடிப் போனேன். சாப்பாட்டுக்கூடத்தில் யாருக்கு மோர் வரவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, மேடைல இன்னொரு படம் எடுத்துக்கலாமா?"

"அதான் எடுத்துட்டியேமா."

"இல்லம்மா... இன்னும் கொஞ்சம் நல்லா..."

"போதும்மா. அதுக்கே அவங்க ஊட்டுப் பெரியவரு மூஞ்சி எப்பிடி ஆச்சுன்னு பாத்த இல்ல? ஒருவாட்டி ஏறினதே போதும். நீ போய்ச் சாப்புடு."

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். கார்டு கெட்டுவிட்டது என்பது இரண்டே வார்த்தை. நான் போய்ச் சாப்பிட்டேன். பாயசம் கூட வாங்கிக்கொண்டேன், யாரும் சந்தேகப்படக் கூடாதே என்று.

ஸ்டூடியோவில் சொன்னதும் அண்ணன் திட்டவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. "போலிக் கார்டும்மா இது. அட்டையில போட்டதுல பாதிகூட உள்ள இல்ல" என்று சொல்லி, படங்களை மீட்க முடியுமா என்று பார்க்க, யார் மூலமாகவோ சென்னைக்கு அனுப்பினார். மூன்றாம் நாள் மலர்விழி ஸ்டூடியோவுக்கு வந்தாள். உண்மையைச் சொன்னேன்.

"என்னாண்ட சொல்லிட்ட. எங்கம்மாவாண்ட யாரு சொல்றது? நான் சொல்ல மாட்டேன். நீயே போய்ச் சொல்லு."

போனேன். தனபாக்கியம் அம்மா தறியில் இருந்தாள். நான் சொல்லச் சொல்ல, ஓடிக்கொண்டிருந்த கை நின்றது. "பரவாயில்லமா" என்பாள் என்று எதிர்பார்த்தேன். மூத்தவர்கள் அப்படித்தானே சொல்வார்கள்!

"அன்னிக்கே தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்மா."

"அதான் இன்னொருவாட்டி ஏறச் சொன்னியா?"

தலையாட்டினேன்.

"நெஜத்தச் சொல்லியிருந்தின்னா ஏறியிருப்பேனே. எவன் மூஞ்சி எப்பிடிப் போனா எனக்கு இன்னா? எம்பொண்ணு அவ்ளோ பேரு முன்னால கூப்ட்டா. ஏறியிருப்பேன்டி."

தறிச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. திட்டியிருந்தால் எழுந்து போயிருப்பேன். அவள் நெய்துகொண்டே இருந்தாள். எனக்குப் போகவும் தெரியவில்லை, உட்காரவும் தெரியவில்லை. சுவருக்கும் தறிக்கும் இடையில் அப்படியே நின்றிருந்தேன்.

சென்னையிலிருந்து நாற்பது சொச்சம் படங்கள் மீண்டு வந்தன. ஓமம், தாலி, அட்சதை. கடைசிப் படத்தில் மலர்விழி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு படிக்குக் கீழே நிற்கிறாள். அம்மாவின் ஒரு கால் முதல் படியில். படத்தின் கீழ்ப்பகுதி சாம்பல் பட்டையாகப் போயிருந்தது. அதற்குப் பிறகு எடுத்தவை எல்லாம் முழுக்கச் சாம்பல். மலர்விழி அந்தப் படத்தை வாங்கிப்போய்ச் சட்டம் போட்டு மாட்டினாள். அவள் அம்மா அதைப் பற்றி என்னிடம் பேசியதேயில்லை. வழியில் பார்த்தால் "சாப்ட்டியாமா" என்பாள், அவ்வளவுதான்.

தனபாக்கியம் அம்மா தவறி மூன்று வருஷமாகிறது. நாகராஜ் அண்ணன் ஸ்டூடியோவை மூடிவிட்டு மகனோடு ஓசூர் போய்விட்டார். மண்டபத்தை இடித்துவிட்டார்கள், கோயிலுக்கு வருகிற வேன்கள் அங்கே நிற்கின்றன.

சென்ற பொங்கலுக்கு மலர்விழி வந்திருந்தாள். பேச்சு எப்படியோ அந்தக் கல்யாணத்துக்குப் போனது. அம்மா மேடையில் தனக்கு இடது பக்கம் நின்றாள் என்றாள் அவள். இல்லை, வலது பக்கம், நான்தானே கேமராவில் பார்த்தேன் என்றேன் நான். "தோள்ல கை இருந்தது எனக்குத் தெரியாதா?" என்று இடது தோளைத் தொட்டுக் காட்டினாள். வலது என்றுதான் எனக்கு நினைவு. ஆனால் சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகமாகிவிட்டது. அன்றைக்கு நகர்ந்து இடம் விட்ட உன் வீட்டுக்காரரைக் கேட்டாயா என்றேன். "அவரு, அம்மா மேடைக்கே வரலியேன்றாரு" என்றாள்.