சின்ன மாமா ‘ரைட்’ சொன்ன விமானம்

பிள்ளைகளே, நீங்கள் மூவரும் சின்ன வயதில் ஒரு சனிக்கிழமை வீட்டுப் பின்வளவில் நின்று ஆகாயத்தைப் பார்த்துக் கை ஆட்டினீர்கள் அல்லவா? அன்று நான் ஆகாயத்தில் இருக்கவில்லை. அந்தக் கதையை உங்கள் அம்மா ஒரு மாதிரியும் சின்ன மாமா இன்னொரு மாதிரியும் சொல்லுவார்கள். நடந்தது இதுதான்.

எண்பதுகளின் கடைசியில் லண்டனின் தெற்கு ஓரத்தில் ஒரு சிறிய விமானத் திடலில் எனக்கு வேலை. நாலு பேர் இருக்கக்கூடிய, மூக்கில் ஒரு காற்றாடி வைத்த குட்டி விமானங்களைக் கழுவித் துடைக்கவேண்டும். கண்ணாடியில் ஒட்டிய பூச்சி, வயிற்றில் வடிந்த எண்ணெய் எல்லாம் என் பொறுப்பு. ஆனால் ஒருநாளும் ஏறிப் பறந்தது கிடையாது. அங்கே விமானம் வைத்திருந்த வயதான வெள்ளைக்காரர் ஒருவர், ஓய்வுபெற்ற பல்வைத்தியர், ஒருநாள் தானாகவே, “வா, உன் வீட்டுக்கு மேலால் ஒரு சுற்றுக் கூட்டிப்போகிறேன்” என்றார்.

அந்தக் கிழமை முழுக்க எனக்கு நித்திரை இல்லை. எங்கள் வீட்டை மேலிருந்து பார்க்கவேண்டும், அதுவே ஆசை. ஆனால் நாங்கள் இருந்த மிச்சம் என்ற லண்டன் ஊரில் எல்லாக் கூரையும் ஒரே மாதிரி. எது எங்களுடையது என்று எப்படித் தெரியும்?

“உம்மடை கலியாணக் கூறைச் சீலையைப் புல்லிலை விரிச்சு விடுமன்” என்றேன் அம்மாவிடம்.

“உங்களுக்கு என்ன விசரோ? முன்னறைத் திரைச்சீலையே போதும்.”

சரி, மஞ்சள் திரைச்சீலை என்று முடிவானது. தெருவில் எல்லோருக்கும் அம்மா சொல்லிவிட்டார்.

அம்மாவின் தம்பி, உங்கள் சின்ன மாமா, பக்கத்து ஊரான டூட்டிங்கிலிருந்து சனிக்கிழமை காலையிலேயே வந்து நின்றார். அவர் யாழ்ப்பாணத்தில் மினிபஸ் கொண்டக்டராக இருந்தவர்.

“அத்தான், சீற் ஒண்டு சும்மாதானே கிடக்குது? நானும் வாறன்.”

பாரமான ஆள் முன்னால் இருக்கவேண்டும் என்று சொல்லிப் பல்வைத்தியர் மாமாவைத் தன் பக்கத்தில் ஏற்றினார். நான் பின்னால்.

“பாத்தியளே அத்தான், மனுசனுக்கு என்னைப் பார்த்த உடனை விளங்கியிட்டுது” என்றார் மாமா.

பறப்பதற்குமுன் விமானம் தரையில் உருண்டு ஓடுபாதைக்குப் போகவேண்டும். அந்த வழி ஒடுக்கம். பாதித் தூரத்தில் எதிரே இன்னொரு குட்டி விமானம் உருண்டு வந்தது. பல்வைத்தியர் வேகத்தைக் குறைத்து, “உன் பக்கம் இடம் இருக்கிறதா?” என்று மாமாவைக் கேட்டார்.

அவ்வளவுதான், மாமாவுக்கு உயிர் வந்துவிட்டது. கதவைத் திறந்து, தலையை வெளியே நீட்டி, கீழே உருளும் சில்லைப் பார்த்தார், பக்கவாட்டைப் பார்த்தார். “உதுக்குள்ளாலை ரெண்டு லொறி போகும்!” என்று எனக்குச் சொல்லிவிட்டு, “ரைட்! ரைட்!” என்று கதவில் படபடவென்று இரண்டு தட்டு.

மினிபஸ்ஸுக்கு அது சரியான கணக்கு. ஆனால் எங்கள் விமானத்துக்குத் தலைக்கு மேலே, இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு செட்டை, அதுதான் இறக்கை, இருந்தது.

“மச்சான், செட்டை! செட்டை!” என்று கத்தினேன்.

“என்ன?”

“செட்டையடா!”

பிஸ்கற் ரின்னை ஆரோ மிதித்ததுபோல ஒரு சத்தம். இரண்டு செட்டை நுனிகளும் கொளுவிக்கொண்டன. இரண்டு மாடுகள் கொம்பு கோர்த்ததுபோல இரண்டு விமானமும் மெதுவாக ஒன்றையொன்று பார்க்கத் திரும்பி நின்றன. ஒருவருக்கும் காயமில்லை. மற்ற விமானத்துப் பெண்மணி இறங்கி வந்து மன்னிப்புக் கேட்டார். பல்வைத்தியர், பார்த்து ஓட்டவேண்டியவர் தான்தான் என்று அவரிடம் மன்னிப்புக் கேட்டார். அவர் திரும்பக் கேட்டார். இது முடிகிற மாதிரித் தெரியவில்லை. மாமா மட்டும் இடுப்பில் கைவைத்து, “ஒரு ஹோர்ன் அடிச்சிருக்கலாமே!” என்று தமிழில் வெடித்தார்.

“மச்சான், உதிலை ஹோர்ன் இல்லை.”

“ஹோர்ன் இல்லாமல் என்னெண்டு வாகனம் ஓடுறது? இதைவிட எங்கடை பஸ் எவ்வளவோ திறம்.”

வளைந்த செட்டையோடு பறக்க ஏலாது. நானும் மாமாவும் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தோம்.

பின்வளவில் திரைச்சீலை விரித்தபடி. அம்மாவின் முகம் வெயிலில் கறுத்திருந்தது. “கண்டனாங்கள்! நேரே தலைக்கு மேலாலை போனியள்!”

“நாங்கள் எழும்பவே இல்லையப்பா.”

“சும்மா பகிடி விடாதேங்கோ. அப்ப எங்களுக்குச் செட்டையை ஆட்டினது ஆர்?”

“அது வேறை றூட்டுப் பஸ் அக்கா” என்றார் மாமா.

உங்களில் கடைசி ஆள் என் காற்சட்டையைப் பிடித்து, “அப்பா, நான் துள்ளினதைக் கண்டனீங்களோ?” என்று கேட்டது. இல்லை என்று தலையை ஆட்டினேன். அந்த முகம் சுருங்கிப்போனது.

அந்த விமானத்தைத் திருத்தி முடிப்பதற்கிடையில் பல்வைத்தியருக்குக் கண் பார்வை மங்கி, அவர் பறப்பதையே விட்டுவிட்டார். வேறொருவரும் என்னைக் கூப்பிடவில்லை.

அந்தச் சனிக்கு அடுத்த திங்கட்கிழமை காலை வேலைக்குப் போனேன். திடலில் ஒருவரும் வந்திருக்கவில்லை. கொட்டகைச் சுவரில் சாத்தியிருந்த ஏணியில் மேற்படிவரை ஏறி, எங்கள் வீடு இருக்கும் திசையைப் பார்த்தேன். மரங்களும் ஒரு குதிரையின் முதுகும்தான் தெரிந்தன. ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையைத் தூக்கி நன்றாக ஆட்டிவிட்டு இறங்கினேன்.